கட்டுப்படியாகும் வீடு: உள்ளாட்சியின் கையில் என்ன இருக்கிறது, மக்கள் எதைக் கேட்பது?

கேள்வி: வாடகை, வருமானத்தைவிட வேகமாக ஏறுகிறது. நகர மன்றத்தில் கேட்டால் "வீடு கட்டித் தருவது எங்கள் வேலை இல்லை, பணமும் இல்லை" என்கிறார்கள். உள்ளாட்சியால் உண்மையில் என்ன செய்ய முடியும்? குடியிருப்போர் ஒன்றுசேர்ந்து எதைக் கேட்டால் பலன் கிடைக்கும்?

பதில்:

பணம் இல்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வீட்டின் விலை செங்கல்லையும் கம்பியையும் மட்டும் பொறுத்ததில்லை. எந்த மனையில் எத்தனை மாடி எழுப்பலாம், ஒரு வீட்டுக்கு எத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும், அனுமதி ஆறு வாரத்தில் வருமா இரண்டு வருடம் இழுக்குமா, சும்மா கிடக்கும் பொது நிலத்தை விற்பதா குத்தகைக்கு விடுவதா என்பதிலெல்லாம், நாட்டுக்கு நாடு அளவு மாறினாலும், உள்ளாட்சிக்குக் கை உண்டு. மேல் அரசின் மானியம் இல்லாமல் மிகக் குறைந்த வருமானக்காரருக்கு வீடு கட்ட முடியாது, அது வேறு. ஆனால் உள்ளாட்சி முரண்டு பிடித்தால் அந்த மானியமே பாதி நிலத்து விலையிலும் தாமதத்திலும் கரைந்துவிடும்.

"கட்டுப்படியாகும் வீடு" என்று யாராவது மேடையில் சொன்னால், முதலில் "யாருக்குக் கட்டுப்படி?" என்று கேளுங்கள். பரவலாகப் புழங்கும் அளவுகோல், வீட்டுக்கான செலவு வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. அமெரிக்கப் பொதுக் குடியிருப்புகளில் 1969-ல் 25 சதவீதமாக இருந்த வாடகை உச்சவரம்பை 1981-ல் 30 ஆக்கினார்கள். அது அரசு எடுத்த ஒரு முடிவு, அவ்வளவுதான். வருமானம் குறையக் குறைய 30 சதவீதமே கழுத்தை நெரிக்கும். இருந்தாலும் கணக்குப் போட ஏதாவது ஓர் அளவு வேண்டுமே.

ஊரிலுள்ள குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் மாத வருமானம் 100 என்று வையுங்கள். சந்தை வாடகை 26. நகர மன்றம் "நடு வருமானத்தில் 80 சதவீதம் உள்ளவர்களுக்கான வீடுகள்" என்று பெருமையாக அறிவிக்கிறது. 80-ல் 30 சதவீதம் 24. சந்தையைவிட இரண்டுதான் குறைவு. அதே ஊரில் 40 சம்பாதிக்கும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகை 12. பராமரிப்பு, வரி, காப்பீடு, பழுதுபார்க்க ஒதுக்கும் சேமிப்பு என்று ஒரு வீட்டுக்கு மாதம் 9 போகிறது என்றால், முதல் வீட்டில் கடன் கட்ட 15 மிஞ்சும், இரண்டாவதில் 3. எட்டு சதவீத வட்டி, 30 வருடத் தவணை என்று பார்த்தால் மாதம் 15 கட்டி ஏறக்குறைய 2,040 கடன் வாங்கலாம். மாதம் 3 கட்டினால் 410 மட்டுமே கிடைக்கும். நிலத்துக்கு 400, கட்டுமானத்துக்கு 1,600 என்று வீடு ஒன்றுக்கு 2,000 செலவாகிறது என்று கொள்வோம். அப்படியானால் 24 வாடகை வீட்டுக்கு எந்தச் சலுகையும் தேவையே இல்லை, தானாகவே நிற்கும். 12 வாடகை வீட்டுக்கு நிலத்தை இலவசமாகத் தந்தாலும் போதாது. வட்டியை 4 சதவீதமாகக் குறைத்தாலும் கடன் 630-க்குத்தான் போகும். மீதி 970-ஐ யாராவது திரும்பக் கேட்காத பணமாகப் போட்டாக வேண்டும்.

இந்த எண்கள் கற்பனைதான். உங்கள் ஊர் எண்களை வைத்து இதே கணக்கை ஒரு பக்கத்தில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பல கூட்டங்களில் கைகொடுக்கும். எந்தத் திட்டத்தில் வருமான வரம்பை உயரமாக வைத்துவிட்டுச் சலுகையை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது இதில் பட்டென்று தெரிந்துவிடும். "நிலம் கொடுத்துவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது" என்று மன்றம் கைகழுவும்போதும் எடுத்துக் காட்டலாம்.

இனி உள்ளாட்சியின் கையில் இருப்பவை. நிலம்தான் முதலில், நான் வேறெதையும் அதற்கு முன்னால் வைக்க மாட்டேன். பயன்படாத பேருந்துப் பணிமனை, மூடிய பள்ளி, தரைமட்ட வாகன நிறுத்தம், ஒரே மாடியில் நிற்கும் பழைய சந்தை என்று எல்லா நகரங்களிலும் நிலம் உண்டு. முழுப் பட்டியல் பெரும்பாலும் எந்தத் துறையிடமும் இருக்காது. சர்வே எண், பரப்பு, இப்போதைய பயன்பாடு, எந்தத் துறைக்குச் சொந்தம், வழக்கு உண்டா என்ற ஐந்து தகவல்களோடு அந்தப் பட்டியலை வெளியிடக் கேட்பது நல்ல முதல் கோரிக்கை. செலவில்லாதது என்பதால் மறுப்பதும் கடினம். அடுத்து, விற்காமல் நீண்ட காலக் குத்தகைக்கு விடச் சொல்லுங்கள். விற்ற நிலம் திரும்பி வராது. அதிக விலை கேட்பவருக்கு ஏலம் விட்டுவிட்டு, அதே நிலத்தில் மலிவான வீட்டை எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

வியன்னா இதற்கு நெடுநாள் உதாரணம். பெரிய வீடுகளுக்கு அதிகமாக விழும் படிநிலை வீட்டு வரியை 1923-ல் கொண்டுவந்து, 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளை நகரமே கட்டியது. இன்று ஏறக்குறைய 2,20,000 வீடுகள் நகரத்துக்குச் சொந்தம். 1995 முதல் பெரிய மனைகளுக்குப் போட்டி வைக்கிறார்கள். அதில் விலையோடு வடிவமைப்பு, சுற்றுச்சூழல், சமூகக் கலப்பு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. 2018-ல் கட்டட விதியைத் திருத்தி, குடியிருப்புக்காகப் புதிதாக வகை மாற்றும் பெரிய நிலங்களில் தளப்பரப்பின் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும், அந்தப் பங்குக்கான நில விலை தளப்பரப்பில் சதுர மீட்டருக்கு 188 யூரோவைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். வகை மாற்றம் என்ற ஒரு கையெழுத்தால் நிலத்தின் விலை பல மடங்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்தை முழுவதும் நில உரிமையாளர் அள்ளிக்கொள்ளாமல் தடுப்பதுதான் இந்த விதியின் சூட்சுமம்.

அடுத்தது கட்டட விதிகள். ஒரு காரை நிறுத்த, உள்ளே வந்து திரும்பும் வழியோடு சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகும். சிறிய ஒற்றை அறை வீடு ஒன்றின் அளவு அது! வீட்டுக்கு ஒரு கார் இடம் கட்டாயம் என்றால், கார் இல்லாத குடும்பமும் அந்தச் செலவை வாடகையில் கட்டுகிறது. நிலத்தடியில் தோண்டினால் செலவு இன்னும் ஏறும். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-லும் மினியாபொலிஸ் 2021-லும் இந்தக் குறைந்தபட்ச விதியையே எடுத்துவிட்டன. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் நெருக்கமான கட்டடங்களை அனுமதித்தது. அதற்குப் பிறகு அங்கே கட்டட அனுமதிகள் கணிசமாகக் கூடின. ஆனால் ஓர் எச்சரிக்கை. விதியைத் தளர்த்துவது நடுத்தர வாடகையை மெதுவாகத் தணிக்கும், மேலே பார்த்த 12 வாடகைக் குடும்பத்தை அது தானாக எட்டாது. தளர்த்திய பகுதியில் பழைய வாடகை வீடுகள் இருந்தால் அவைதான் முதலில் இடிபடும். அதனால் அங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்குத் திரும்பி வரும் உரிமையை அதே தீர்மானத்தில் எழுதி வாங்க வேண்டும். அடுத்த தீர்மானத்தில் பார்க்கலாம் என்று விட்டால், அதற்குள் புல்டோசர் வந்துவிடும்.

தனியார் திட்டங்களில் ஒரு பங்கைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஏமாற இடமும் அதில்தான் அதிகம். அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள மாண்ட்கமெரி கவுண்டி 1974-லேயே இதைத் தொடங்கிய முன்னோடி. ஆரம்பத்தில் விலைக் கட்டுப்பாடு ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று வைத்தார்கள். ஐந்து ஆண்டு முடிந்ததும் அந்த வீடுகள் சந்தை விலைக்குப் போய்விட்டன. பிறகு படிப்படியாக நீட்டி, இன்று விற்பனை வீடுகளுக்கு 30, வாடகை வீடுகளுக்கு 99 ஆண்டுகள். கனடாவின் மாண்ட்ரியால் 2021-ல் சமூக வீடு (அரசோ லாப நோக்கமில்லாத அமைப்போ நடத்தும் வாடகை வீடு), கட்டுப்படியாகும் வீடு, குடும்பங்களுக்கான பெரிய வீடு ஆகியவற்றுக்குப் பங்கு கேட்கும் விதியைக் கொண்டுவந்தது. கட்ட விரும்பாதவர் பணம் கட்டலாம் என்று ஒரு வழியும் வைத்தது. பெரும்பாலான பில்டர்கள் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். மாற்றுக் கட்டணம் ஒரு வீட்டைக் கட்டும் உண்மைச் செலவைவிடக் குறைவாக இருந்தால் எங்கும் இதுதான் நடக்கும்.

ஆகவே எத்தனை சதவீதம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். வருமான வரம்பு எவ்வளவு, எத்தனை ஆண்டு, அதே மனையிலா வேறிடத்திலா, எத்தனை படுக்கையறை, பொது வாசலா தனி வாசலா (நியூயார்க்கில் ஏழைகளுக்கென்று தனி வாசல் வைத்த கட்டடங்கள் பெரிய சண்டையைக் கிளப்பின), எந்தக் கட்டத்தில் கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். சந்தை வீடுகளில் குடியேறலாம் என்ற நிறைவுச் சான்று தரும் முன்பே ஒதுக்கீட்டு வீடுகள் முடிந்திருக்க வேண்டும் என்று எழுதாவிட்டால், அவை "இரண்டாம் கட்டத்துக்கு" தள்ளப்படும். அந்த இரண்டாம் கட்டம் வருவதே இல்லை. மறுபக்கமும் உண்டு. சதவீதத்தைக் கண்மூடித்தனமாக ஏற்றினால் பில்டர் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார், பூஜ்யத்தில் 40 சதவீதமும் பூஜ்யம்தான். மேலே போட்ட கணக்கு இங்கேயும் வேண்டும்.

பணத்துக்குத் தனி நிதியம் வையுங்கள் என்று கேட்கலாம். பொதுக் கணக்கில் சேர்ந்த பணம் சாலைக்கும் விளக்குக்கும் போய்விடும். வான்கூவர் 2017 முதல் காலி வீடுகளுக்கு வரி போடுகிறது, 1 சதவீதத்தில் தொடங்கி இப்போது 3. லாஸ் ஏஞ்சலிஸ் வாக்காளர்கள் 2022-ல் 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சொத்து விற்பனைக்கு 4 சதவீதமும், ஒரு கோடிக்கு மேல் 5.5 சதவீதமும் வரி விதிக்க ஒப்புக்கொண்டார்கள். வரி அமலானதும் பெரிய விற்பனைகள் சுருங்கின, எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. விலைமதிப்பு வரம்பைத் தாண்டியதும் முழுத் தொகைக்கும் வரி விழும்படி அமைத்தால் இந்தச் சிக்கல் கூடும். படிநிலையாக வைத்தால் குறையும்.

வாடகைக் கட்டுப்பாடு பற்றிச் சுருக்கமாக. இப்போது குடியிருப்பவரைக் காக்க அது உதவும், புதிய வீட்டைக் கட்டித் தராது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரம் 2021-ல் புதிய கட்டடங்களையும் சேர்த்து வாடகை உயர்வுக்கு ஆண்டுக்கு 3 சதவீத உச்சவரம்பு வைத்தது. அனுமதி விண்ணப்பங்கள் சரிந்ததும், அடுத்த ஆண்டே புதிய கட்டடங்களுக்கு 20 ஆண்டு விலக்குத் தந்தது. பெர்லினின் வாடகை உச்சவரம்புச் சட்டத்தை 2021 ஏப்ரலில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த விஷயத்தில் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்பதே காரணம். ஒரு கோரிக்கையை எழுதும் முன் அது யார் அதிகாரத்தில் இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

இனி மக்கள் பக்கம். ஊர்வலத்துக்கு முன் கணக்கெடுப்பு நடத்துங்கள். மும்பையில் 1985-ல் நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய 6,000 குடும்பங்கள் பதிவாகின. அரசின் ஏடுகளில் அதுவரை இல்லாத மனிதர்கள் அவர்கள். தாய்லாந்தில் 2003-ல் தொடங்கிய பான் மன்கோங் என்ற குடிசைப் பகுதி மேம்பாட்டுத் திட்டத்திலும் குடியிருப்புவாசிகளே கணக்கெடுத்து, சேமிப்புக் குழு அமைத்து, நிலத்தைக் கூட்டாக வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ பேசினார்கள். செய்முறை எளிதுதான். முதலில் தெருவின் வரைபடத்தைக் கையால் வரைந்து ஒவ்வொரு கதவுக்கும் சுண்ணக்கட்டியால் எண் போடுங்கள். ஒரே வாசலுக்குள் மூன்று குடும்பம் இருந்தால் அ, ஆ, இ. அந்தத் தெருக்காரர் ஒருவரும் வெளித்தெருக்காரர் ஒருவரும் சேர்ந்து போகட்டும். கேள்விகள் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம்: எத்தனை பேர், எத்தனை அறை, வாடகை, முன்பணம், எத்தனை வருடமாக, ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, வேலைக்கு எவ்வளவு தூரம், கடந்த இரண்டு வருடத்தில் வாடகை எத்தனை முறை ஏறியது. வருமானத்தைக் கடைசியில் கேளுங்கள், எண்ணாக இல்லாமல் நாலு பிரிவில் ஒன்றைத் தொடச் சொல்லுங்கள். பத்தில் ஒரு வீட்டை வேறு இருவர் மறுபடி சரிபார்க்க வேண்டும். பெயரும் கதவு எண்ணும் உள்ள தாளை யாருக்கும் கொடுக்காதீர்கள், மன்றத்துக்கும்தான். மொத்த எண்கள் மட்டும் வெளியே போகட்டும். பெயர்ப் பட்டியல் தவறான கையில் சிக்கினால் அதுவே காலி செய்யும் பட்டியலாகிவிடும்.

பிறகு நாட்காட்டி. பட்ஜெட் வாக்கெடுப்புக்கு முந்தின வாரம் மன்ற வாசலில் நின்று கத்துவதில் பயனில்லை. துறைகள் தங்கள் மதிப்பீட்டை அதற்குப் பல மாதம் முன்பே அனுப்பியிருக்கும். எந்த மாதத்தில் எந்தக் குழுவில் அது உருவாகிறது என்று கண்டுபிடித்து அங்கே போங்கள். நகரத் திட்ட வரைவுக்கு ஆட்சேபணை தெரிவிக்கக் குறிப்பிட்ட நாட்கள்தான் தருவார்கள். "ஏழைகளுக்கு வீடு வேண்டும்" என்று ஆயிரம் மனு போட்டால் ஒரே வரியில் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள். பிரிவு எண், வரைவில் உள்ள வாசகம், நாங்கள் கேட்கும் மாற்று வாசகம், காரணம் என்று நாலு வரியில் எழுதிய பத்து மனு அதைவிடப் பலமானது. அவற்றை ஒரே வரியில் தள்ளிவிடுவது கடினம், எழுத்தில் பதில் வந்தால் அது நாளை நீதிமன்றத்திலும் பயன்படலாம்.

எதிர்ப்பு வரும். பெரும்பாலும் அது "ஏழைகள் வேண்டாம்" என்று வராது. போக்குவரத்து, சாக்கடை, பள்ளியில் இடம், நிழல் விழும் என்றுதான் வரும். அவற்றில் சில நியாயமானவை, எல்லாவற்றையும் வெறுப்பு என்று தள்ளுவது தவறு. கழிவுநீர்க் குழாயின் கொள்ளளவு எவ்வளவு என்று பொறியாளரிடம் முன்பே கேட்டு எண்ணோடு போனால் பாதி எதிர்ப்பு அடங்கும். மீதிக்கு, பக்கத்துத் தெரு முதியவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் மூவரும் அதே கூட்டத்தில் இரண்டிரண்டு நிமிடம் பேசட்டும். இந்த ஊரில் வேலை செய்பவர் இந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை என்பதை அவர்கள் வாயால் கேட்பதற்கு ஈடில்லை.

பெரிய பில்டர் வரும்போது நேரடியாகவே பேரம் பேசலாம். லாஸ் ஏஞ்சலிஸில் 2001-ல் ஒரு பெரிய விளையாட்டு அரங்கைச் சுற்றிய வளர்ச்சித் திட்டத்தில், அக்கம்பக்கத்து அமைப்புகளின் கூட்டணி கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, வீடுகளில் 20 சதவீதம் கட்டுப்படியாகும் வீடுகள் என்று எழுதி வாங்கியது. நகரம் இன்னும் அனுமதி தராத நேரம்தான் உங்களுக்குப் பலமான நேரம். அனுமதி கிடைத்த மறுநாள் யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.

நிலத்தையே மக்கள் அறக்கட்டளை வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில் 1984-ல் நகரம் 2 லட்சம் டாலர் ஆரம்ப நிதி கொடுத்து இப்படி ஒன்றை உருவாக்கியது. நிலம் அறக்கட்டளையிடம், வீடு மட்டும் குடும்பத்துக்கு. விற்கும்போது மதிப்பு ஏற்றத்தில் 25 சதவீதம் விற்பவருக்குச் சேரும். மதிப்பு 40 ஏறியிருந்தால் அவருக்கு 10, மீதி 30 வீட்டோடு தங்கி அடுத்த குடும்பத்தின் விலையைக் குறைக்கிறது. ஒரு முறை போட்ட மானியம் திரும்பத் திரும்ப உழைப்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் வேகமாகப் பெருகாது, நிலம் வாங்க முதல் பணம் வேண்டும், வங்கிகளும் குத்தகை நிலத்தில் உள்ள வீட்டுக்குக் கடன் தர முதலில் தயங்கும்.

வென்ற பிறகு கலைந்துவிடாதீர்கள். நியூஜெர்சியின் மவுண்ட் லாரல் வழக்கில், எளியவர்களுக்கும் வீடு கட்ட இடம் தரும்படி ஊர்கள் நில விதிகளை வைக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975-ல் தீர்ப்பளித்தது. நிறைவேற்றும் வழி தீர்ப்பில் சரியாக இல்லாததால் வீடுகள் வரவில்லை. 1983-ல் நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, ஊர் மறுத்தால் பில்டரே வழக்குப் போட்டுக் கட்டும் உரிமை பெறலாம் என்று வைத்த பிறகுதான் ஊர்கள் அசைந்தன. உங்கள் ஊரிலும் ஒவ்வொரு ஒதுக்கீட்டு வீட்டுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: முகவரி, வருமான வரம்பு, அனுமதித்த வாடகை, கட்டுப்பாடு முடியும் தேதி, கடைசியாகச் சரிபார்த்த நாள். கட்டுப்பாடு நிலப் பத்திரத்திலேயே பதிவாகி, கைமாறினாலும் தொடர வேண்டும். வெறும் ஒப்பந்தக் கடிதம் கோப்போடு தொலைந்துபோகும். பதிவேட்டைத் தேதி வாரியாக அடுக்கி, முடிவுக்கு ஐந்து ஆண்டு இருக்கும் கட்டடங்களை இப்போதே தனியாக எடுத்துவையுங்கள். வாங்கவோ நீட்டிக்கவோ பணம் திரட்ட அந்த அவகாசம் தேவைப்படும்.